எந்த ஊர்க்காரி?

டவுன்ஷிப் என்றதும் நமக்கு நெய்வேலி நினைவுக்கு வரும்; இல்லாவிட்டால் நெடுஞ்சாலையோர வீட்டுமனை விளம்பரங்கள். வட இங்கிலாந்தில் அந்தச் சொல் குறித்தது வேறு. அங்கே ஒரு தேவாலயத்தின் பங்கு மிகப் பெரியது. லங்காஷயரின் வால்லி பங்குக்குள் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அடங்கியிருந்தன. இவ்வளவு பெரிய பரப்பில் ஏழைகளைப் பராமரிக்க ஒரே நிர்வாகம் போதாது என்று, வட மாவட்டங்களில் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் தனக்கென ஓவர்சியர்களை வைத்துக்கொள்ள 1662ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இந்த ஓவர்சியர் சாலை போடுகிறவர் அல்ல. 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி, ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி ஊரின் வசதியான குடித்தனக்காரர்களிலிருந்து நியமிக்கப்படுகிறவர். சம்பளம் கிடையாது. ஊராரிடம் வரி வசூலித்து ஊர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

"ஊர் ஏழை" யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. அதே 1662ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையில்லாமல் வந்து குடியேறியவர் ஊருக்குப் பாரமாகக்கூடும் என்று தோன்றினாலே இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் ஆணையோடு திருப்பி அனுப்ப இடம் கொடுத்தது. மணமாகாத ஒருத்தி ஓராண்டு முழுதும் ஒரே வீட்டில் வேலை செய்தால் அந்த ஊர் உரிமை அவளுக்கு வரும். அதனால் ஐம்பத்தோரு வாரத்துக்கு மட்டும் வேலைக்கு அமர்த்திய எஜமானர்கள் இருந்தார்கள். மணமானால் அவளுடைய ஊர் அழிந்து கணவனுடைய ஊர் அவளுடையதாகிவிடும். அவன் இறந்தபின் அவள் உதவி கேட்டால், அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத அவனுடைய ஊருக்கு வண்டியேற்றி அனுப்பலாம். இதை முதன்முறை படித்தபோது, திருமணத்துக்குப் பிறகு அம்மா வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து என் பெயரை நீக்கியதற்கான சான்று கேட்டு நான் மூன்று முறை நடந்தது நினைவுக்கு வந்தது. நான் இழந்தது அட்டையில் ஒரு வரி மட்டும்தான். அந்த விதவைக்கு அது கஞ்சியும் கூரையும்.

மிகக் கொடுமையானது, மணமாகாத கர்ப்பிணிகளுக்கு நடந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பொதுவாகப் பிறந்த ஊரே உரிமையூர். ஆக, குழந்தை எந்த எல்லைக்குள் விழுகிறது என்பது வரி கட்டுகிறவர்களின் பணப்பிரச்சினை. பிரசவத்துக்கு முன் அவளை எல்லை தாண்டி அனுப்பிவிட ஓவர்சியர்கள் துடித்தார்கள். உதவி கேட்டு வரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று 1795இல் சட்டம் இளகியது. அப்போதும் மணமாகாத கர்ப்பிணிக்கு மட்டும் விலக்கில்லை. அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாரம்தான் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். இளகிய சட்டங்களை நான் சந்தேகத்தோடு படிப்பதற்கு இந்த ஒரு பிரிவு போதும்.

தகப்பன் பெயரைச் சொல்ல வைப்பது இன்னொரு வேலை. பதினேழாம் நூற்றாண்டில், பிரசவ வலியின் உச்சத்தில் மருத்துவச்சி கேட்பாள், சொன்னால்தான் உதவி. வலியில் பொய் வராது என்பது நம்பிக்கை. பெயர் கிடைத்துவிட்டால் அவனிடம் பராமரிப்புப் பணம் வசூலிக்கலாம். இல்லையென்றால் வேற்றூர்க்காரன் ஒருவனுக்குக் காசு கொடுத்து, மோதிரமும் வாங்கித் தந்து, அவளைக் கட்டிவைத்து அனுப்பலாம். கல்யாணச் செலவு ஊர்க் கணக்கில் ஏறும். மாஜிஸ்திரேட் முன் அவள் கொடுத்த வாக்குமூலத்தை எழுதியவர் ஓர் ஆண். "அவள் சொல்கிறாள்" என்றுதான் வாக்கியங்கள் போகும். பல தாள்களில் அவள் கையால் இட்டது கீழே உள்ள பெருக்கல் குறி மட்டுமே.

1788இல் ஸ்டப்ஸ் வழக்கில், பெண் ஓவர்சியராகலாம் என்று கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை வெற்றி என்று கொண்டாட என்னால் முடியவில்லை. ஆண்கள் தட்டிக்கழிக்கப் பார்த்த சம்பளமில்லாத வேலை அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கும் ஊர்ப் பணத்தைக் காப்பதுதான் கடமை. எல்லைக்கு வெளியே அனுப்பவேண்டிய கர்ப்பிணி அவள் முன்னாலும் வந்து நின்றிருப்பாள்.

1834ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையின் முழுப் பொறுப்பையும் தாயின் தலையில் கட்டியது. தகப்பனிடம் பணம் கேட்டுத் தானே வழக்குப் போடும் உரிமை அவளுக்கு 1844இல்தான் வந்தது. ஏழை வரியைத் தனியாக வசூலித்த டவுன்ஷிப்கள் 1866இல் சிவில் பாரிஷ்களாயின. 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கிராமங்களில் பாரிஷ் கூட்டத்தையும் மன்றத்தையும் கொண்டுவந்தபோது, மணமான பெண்களும் வாக்களிக்கலாம், மன்றத்தில் உட்காரலாம் என்றது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் இருந்தன.

ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே சொத்தைக் காட்டிக் கணவனும் மனைவியும் இருவருமே வாக்காளராக முடியாது. வீட்டுக்கு ஒரு பெயர்தான் என்றால் பட்டியலில் யார் பெயர் போயிருக்கும் என்று வகுப்பில் கேட்டேன். மாணவிகள் சிரித்தார்கள், யாரும் பதில் சொல்லவில்லை.