டாங்கிக்குள் ஒரு குட்டி என்ஜின்

வலங்கைமான் வயல்களில் ஆயில் என்ஜின் தண்ணீர் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிடச் சிறிய என்ஜின் ஒன்று போர் டாங்கிக்குள்ளும் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும், அல்லவா?

1945-இல் பர்மாவின் மெய்க்டிலாவிலும், 1965-இல் அசல் உத்தரிலும் டெக்கான் ஹார்ஸ் படையினர் அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளுடன் போரிட்டனர். டாங்கி நிற்கும்போது பெரிய என்ஜினை ஓட்டினால் எரிபொருள் வீண். ஓட்டாவிட்டாலோ ரேடியோவும் பீரங்கிக் கூண்டைத் திருப்பும் மோட்டாரும் பாட்டரியை வற்றடித்துவிடும். பிறகு செய்தி போகாது, டாங்கியும் கிளம்பாது. வீரர்களின் உயிருக்கே ஆபத்து! இதற்காகவே துணை ஜெனரேட்டர் வைத்தார்கள்.

அத்தகைய பழைய ஜெனரேட்டர் ஒன்று, பெயர்த்தகடு இல்லாமல் உங்களிடம் கிடைத்தால் எப்படி இனங்காண்பீர்கள்? முதலில் சிலிண்டர்களை எண்ணுங்கள். ஒரே சிலிண்டர், காற்றால் குளிரும் செதில்கள், எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் என்ஜின், 30 வோல்ட், 1500 வாட் என்றிருந்தால், ஷெர்மனில் இருந்த ஹோம்லைட் வகை எனலாம். நான்கு சிலிண்டர், நீரால் குளிர்வது என்றால், பிரிட்டிஷ் செஞ்சூரியன் டாங்கியின் மாரிஸ் என்ஜினாக இருக்கலாம்.

24 வோல்ட் பாட்டரிக்கு 30 வோல்ட் எதற்கு? வாய்க்கால் மட்டம் உயர்ந்திருந்தால்தானே வயலுக்குத் தண்ணீர் பாயும்! மின்சாரமும் அப்படியே.

ஆகவே பழைய இரும்பை எடைக்குப் போடுமுன் சற்றே உற்றுப் பாருங்கள். பெயர்த்தகடு அழிந்தாலும் அமைப்பு பேசும்.