ஜைப்: செங்கோணமில்லாத முக்கோணியும் நம்மவர் பங்கும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் இடம் பொல்பிட்டியவுக்குக் கிட்டத்தான். சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் அந்தக் கரையில் நின்றபோது, உயர்தர வகுப்பில் படிக்கும் மருமகன் கேட்டான்: "மாமா, ஆத்தக் கடக்காம அந்தக் கல்லு எவ்வளவு தூரம் எண்டு சொல்ல ஏலுமா?"

ஏலும். இக்கரையில் 100 மீற்றர் நீளத்தை அளந்து இரு முனைகளிலும் குச்சி நட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று, அந்தக் கோட்டுக்கும் எதிர்க்கரைக் கல்லுக்கும் இடையிலான கோணத்தைப் பார்க்க வேண்டும். முதல் முனையில் 70 பாகை, இரண்டாவதில் 60 பாகை என்று வைப்போம். அப்படியானால் கல்லில் உள்ள கோணம் 50 பாகை. ஒரு பக்கத்தை அதற்கு எதிரான கோணத்தின் சைனால் வகுத்தால், மூன்று பக்கங்களுக்கும் ஒரே விடை வரும். அதன்படி முதல் முனையிலிருந்து கல்லுக்குள்ள தூரம் சுமார் 113 மீற்றர். இதில் செங்கோணம் எங்கும் இல்லை. மலைநாட்டில் செங்கோணத்தைத் தேடி நின்றால் ஒரு காணியையும் அளக்க முடியாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது தானே?" என்றான் அவன். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

முதலில் 'சைன்' என்ற சொல்லைப் பார்ப்போம். இந்தியக் கணிதர் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்ற சொற்களை இதற்கு வழங்கினர். அது அரபுக்குப் போனபோது 'ஜீபா' என்று ஒலிபெயர்க்கப்பட்டது. அரபில் குற்றுயிர்களை எழுதுவதில்லை அல்லவா? பின்வந்தோர் அதை 'ஜைப்' என்று வாசித்தனர். ஜைப் என்றால் சட்டையின் மார்பு மடிப்பு. நம் பெரியவங்க சட்டைப் பையை 'ஜேபி' என்று சொல்வதும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் மடிப்பு என்ற பொருளில் 'சைனஸ்' என்று எழுதினார்கள். அதுவே இன்றைய சைன்.

அரபுப் பெயர் வைத்தது மட்டுமா நம்மவர் வேலை? இல்லை. கிப்லாத் திசையைக் காண்பதும் ஒரு முக்கோணியைத் தீர்ப்பதுதான். நாம் நிற்கும் ஊர், மக்கா, வடதுருவம் ஆகிய மூன்றும் பூமிக் கோளத்தின் மேல் ஒரு முக்கோணியாகின்றன. பொல்பிட்டியவிலிருந்து கணக்கிட்டால், நேர் மேற்கிலிருந்து வடக்கே 24 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையில் கிப்லா வரும். கோளத்துக்கான சைன் விதியை பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலில் நிறுவியவர் யார் என்று அபுல் வஃபா, அபூ நஸ்ர் மன்சூர், அல்குஜந்தி மூவரைச் சுற்றியும் ஒரு விவாதமே உண்டு. அபூ நஸ்ரின் மாணவர் அல்பிரூனி, பஞ்சாபின் நந்தனாக் கோட்டை அருகே இரண்டு இடங்களில் கோணம் எடுத்து ஒரு மலையின் உயரத்தைக் கண்டார். அதைக் கொண்டு பூமியின் ஆரத்தையும் கணித்தார். மராகாவில் வானாய்வுக்கூடம் நடத்திய நசீருத்தீன் அத்தூசி, 1260 அளவில் எழுதிய நூலில் தட்டையான முக்கோணிக்குரிய சைன் விதியை நிறுவலோடு தந்தார். திரிகோண கணிதம் வானியலின் கைப்பிள்ளையாக இல்லாமல் தனிக்கலையாக நின்றது அந்த நூலில்தான். சமர்கந்தின் அல்காஷியை நினைத்து, கோசைன் விதியை இன்றும் பிரான்சில் 'அல்காஷி தேற்றம்' என்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. "எல்லாமே எங்கட ஆக்கள்தான்" என்று மேடையில் முழங்குவதும் பொய்தான். கோசைன் விதியின் வடிவியல் கரு யூக்ளிட்டிலேயே உண்டு. நாண் அட்டவணை தாலமியிடம் இருந்தது. சைன் இந்தியாவிலிருந்து வந்தது. நம்மவர் அவற்றை வாங்கி, வளர்த்து, நிறுவி, அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அந்த உண்மையே போதுமான பெருமை.

அந்தக் கைமாற்றம் நம் பக்கமும் வந்தது. 1802இல் லாம்டன் சென்னையில் ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணிகளைக் கோத்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அந்தப் பணியின் தியோடலைட்டுகளைப் பிற்காலத்தில் பழுதுபார்த்தும், வட்டங்களில் பாகைக் கோடுகளைப் புதிதாகப் பிரித்தும் கொடுத்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன். சென்னையில் நகைக்கடையொன்றில் வேலை பார்த்தவர் அவர். எவரெஸ்டின் பரிந்துரையால் 1843இல் அரசின் கணிதக் கருவி தயாரிப்பாளரானார். கோடு ஒரு மயிரளவு பிசகினால் முக்கோணி முழுக்கப் பிசகும். எவரெஸ்டின் பெயர் மலைக்குப் போனது. முஹ்ஸினின் பெயர் நம் பாடப்புத்தகத்துக்குக்கூட வரவில்லை.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. இங்கும் மலையுச்சிகளை முக்கோணிகளால் இணைத்துத்தான் வரைபடம் செய்தார்கள். நம் பழைய ஆள்கூற்று வலையின் தொடக்கப் புள்ளி பிதுருதாலகால.

கணித வகுப்பில் சைன் விதி எழுதும் நாளில், கரும்பலகையின் ஓரத்தில் 'ஜைப்' என்றும் ஒரு சொல் எழுதலாம். குர்ஆன் மத்ரசாவில் கிப்லா பற்றிச் சொல்லும்போது அந்த முக்கோணியை வரைந்து காட்டலாம். இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் மருமகன் கொப்பியில் மூன்று புள்ளி வைத்துக் கேட்டான்: "மாமா, மக்காவின்ட அகலாங்கு எத்தனை?"