புல்தரைக் களைகளும் உயிரியல் கட்டுப்பாடும்: எதை அளக்க வேண்டும்?

புல்தரைக் களைகளை நோய்க்கிருமி கொண்டு அடக்கும் முயற்சி தோற்றுவிட்டது என்ற எண்ணம் களையியலில் பரவலாக உண்டு. சந்தைக்கு வந்த பொருள்கள் மிகச் சில என்பது உண்மைதான். ஆனால் அந்த முடிவு, இரசாயனக் களைக்கொல்லிக்கு வைத்த அளவுகோலை உயிருள்ள கிருமிக்கும் அப்படியே வைத்ததால் வந்தது. எத்தனை களை செத்தது என்று மட்டுமே அந்த அளவுகோல் கேட்கிறது. செத்த இடத்தைப் பிறகு எது பிடித்தது என்றும் கேட்டால் முடிவு மாறும் என்பதே என் வாதம்.

உயிரியல் கட்டுப்பாடு நமக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தை அடக்கக் கொச்சினீல் பூச்சி பயன்பட்டது. மற்றோர் இனக் கள்ளிக்காக 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கள்ளிக்காட்டை யாரும் உழவில்லை, வெட்டவில்லை; பூச்சி தானே பெருகித் தானே பரவியது. புல்தரையில் அது நடக்காது. வாரந்தோறும் வெட்டுக்கத்தி ஓடும் இடத்தில், முட்டையிலிருந்து வளர்ந்து இனம் பெருக்கப் பூச்சிக்கு அவகாசம் ஏது? தவிர, பூச்சி பிழைக்கக் களையும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். புல்தரைக்காரரோ ஒரு செடிகூட மிஞ்சக் கூடாது என்கிறார். அதனால்தான் இத்துறை பூச்சிகளை விட்டுப் பூஞ்சாணங்களையும் பாக்டீரியாக்களையும் நாடியது.

பூச்சிக்குத் தடையான அதே கத்தி, பாக்டீரியாவுக்கு வாசலானது. ஜப்பானில் 1997இல் பதிவு பெற்ற ‘காம்பெரிகோ’ என்ற பொருளில் இருப்பது சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் ஒரு வகை. கோல்ஃப் திடல்களில் களையாக முளைக்கும் போவா அன்யுவா என்ற புல்லே அதன் இலக்கு. முழு இலைக்குள் இந்தக் கிருமியால் எளிதில் புக முடியாது. புல்லை வெட்டியதும் திறக்கும் காயத்தின் வழியே நுழைந்து, நீர் ஏறும் சைலக் குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்கிறது. புல் வாடிச் சாகிறது. வெட்டாத தரையில் தெளித்தால் பெரும்பாலும் வீண். இதைவிடச் சிந்திக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. வட அமெரிக்கக் கோல்ஃப் திடல்கள் பலவற்றில் போவா அன்யுவாவே பேணி வளர்க்கப்படும் புல். அங்கே இந்தப் பாக்டீரியா வாடல் அஞ்சத்தக்க நோய். ஓரிடத்தில் மருந்தாவது இன்னோரிடத்தில் நோயாகிறது என்றால், தரையின் பராமரிப்பைப் பிரித்துவிட்டுக் கிருமியின் திறனை மட்டும் மதிப்பிடுவதில் பொருளில்லை.

கனடாவின் அனுபவம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. கியூபெக்கின் ஹட்சன் நகரம் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிப்பதை 1991இல் கட்டுப்படுத்தியது. அப்படிக் கட்டுப்படுத்தும் நகரத்தின் அதிகாரத்தை 2001இல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கியூபெக் மாகாணம் 2003இலும், ஒன்டாரியோ 2009இலும் புல்தரை இரசாயனங்களுக்குத் தடை கொண்டுவந்தன. 2,4-டி என்ற களைக்கொல்லி கைவிட்டுப் போன அந்தச் சூழலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் வாட்சன் குழுவினர் உருவாக்கிய ‘சாரிட்டர்’ பதிவு பெற்றது. ஸ்கிளெரோட்டினியா மைனர் என்ற பூஞ்சாணத்தை வாற்கோதுமை நொய்யில் வளர்த்துக் குருணையாக்கியதே அது. ஈர இலைமேல் குருணை விழுந்ததும் பூஞ்சாணம் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரந்து திசுவைக் கரைக்கிறது. டான்டலியன் களையின் இலையில் முதலில் நீர்கோத்த புள்ளிகள் தெரியும். அவை பழுப்பாகி, இலைக்கொத்து சில நாள்களில் சரிந்து அழுகிவிடும். பக்கத்துப் புல் தாள் பச்சை மாறாமல் நிற்கும்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். இலைக்கொத்து போன இடத்தில் உள்ளங்கை அளவு வெறுமண் இருக்கிறது. அடியில் ஆணிவேர் உயிரோடிருந்தால் மீண்டும் துளிர்க்கும். அந்த மண்ணைப் புல் முந்திப் பிடிக்கிறதா, களை பிடிக்கிறதா என்பதே கேள்வி. ஒட்ட வெட்டிய தரையில் களை தழைக்க வெளிச்சம் தாராளம். உயர்த்தி வெட்டி, புல்விதையும் மேலே தூவிய தரையில் பூஞ்சாணத்தின் பலன் கூடுவதை மெக்கில் ஆய்வுகள் காட்டின. ஆகவே பூஞ்சாணம் வேலையில் பாதியைத்தான் செய்கிறது. மறுபாதி புல்லின் வேலை. களத்தில் செத்த இலைகளை மட்டும் எண்ணிய கணக்கு அந்த மறுபாதியைப் பார்ப்பதே இல்லை.

இதே வரிசையில், கனடாவின் சாஸ்கட்டூனில் களைக்கொல்லியாக ஆராயப்பட்ட ஃபோமா மேக்ரோஸ்டோமா என்ற பூஞ்சாணம் அகன்ற இலைக் களைகளின் பச்சையத்தை வெளுக்கச் செய்து கொல்கிறது, புல்லை விட்டுவிடுகிறது. சோளப் பசையத்தூளையும் இந்த வரிசையில் சேர்ப்பது தவறு என்பேன். அது முளைவிடும் வேரைத் தடுக்கும் இயற்கைப் பொருள், நைட்ரஜன் உரம். அதில் உயிரி எதுவும் இல்லை.

இந்தப் பொருள்களின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. உயிருள்ள குருணையைக் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். வெப்பமும் வறட்சியும் அதைச் செயலிழக்கச் செய்யும். ஒரு பூஞ்சாணம் சில களைகளையே தாக்கும். வெயில் மிகுந்த தமிழகத்துக்குச் சாரிட்டரை அப்படியே கொண்டுவரச் சொல்பவரை நான் ஆதரிக்க மாட்டேன். இங்கே அருகம்புல் தரைக்குப் பெரும் தொல்லை கோரை. மண்ணுக்கடியில் கிழங்குச் சங்கிலி வைத்திருப்பது. இலையைக் கருக்கும் கிருமி கிழங்கை அப்படியே விட்டுவிட்டால், சில வாரங்களில் பழைய நிலைதான். ஆனால் கோரை நிழல் தாங்காதது. கருகிய இடத்தை அடர்ந்த அருகு மூடிவிட்டால் கிழங்கின் சேமிப்பு மெல்லக் கரையும்.

எனவே கோரைக்கு எதிரான கிருமிகளைச் சோதிக்கும் நம் வேளாண் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கருகிய இலைகளின் விழுக்காட்டோடு நிறுத்திவிட வேண்டாம். எந்த உயரத்தில் வெட்டினீர்கள், எத்தனை நாளுக்கொருமுறை நீர் விட்டீர்கள், அடுத்த பருவத்தில் புல் எவ்வளவு பரப்பை மூடியது என்பவற்றையும் அதே அட்டவணையில் பதிவு செய்யுங்கள்.