கண்ணில் படாத முதலாளி: ஆங்கில, ஜெர்மன் புனைவுகளில் ஓர் உத்தியின் வரலாறு (1850–1960)

ஆய்வுச் சுருக்கம்

தமக்கு வேலை கொடுத்தவர் யார் என்று அறியாமலே ஒருவர் வேலை செய்வது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஐரோப்பியப் புனைவுகளில் அடிக்கடி இடம்பெறும் உத்தியாகும். துப்பறியும் கதையின் மர்மத்தைக் கூட்டும் கருவி என்று இதனை எளிதாக வகைப்படுத்திவிடலாம். டிக்கன்ஸ், கானன் டாயில், ஹென்றி ஜேம்ஸ், காஃப்கா, பின்டர் ஆகியோரின் படைப்புகளைக் கால வரிசையில் நோக்கும் இக்கட்டுரை, இவ்வுத்தியின் உயிர்நிலை 'முதலாளி யார்' என்னும் புதிரில் இல்லை, 'யார் பொறுப்பு' என்னும் கேள்வியில் உள்ளது என வாதிடுகிறது. அக்கேள்வி அக்காலத்து நிறுமச் சட்டமும் அலுவலக வாழ்வும் எழுப்பிய கேள்வியே என்பதும் இங்குக் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புனைவு உத்தி, முதலாளி, நிறுமம், எழுத்தர், கானன் டாயில், காஃப்கா

முன்னுரை

பண்ணையாரையும் பட்டறைக்காரரையும் அவர்களிடம் வேலை பார்த்தவர் நேரில் கண்டார். கூலி குறைந்தால் யாரிடம் முறையிடுவது, அடி விழுந்தால் யாரைச் சபிப்பது என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. நாளிதழ் விளம்பரம், அஞ்சல்வழி விண்ணப்பம், ஆள்சேர்ப்பு முகமை, கிளை அலுவலகம் ஆகியவை பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்நிலை மாறியது. புனைகதையும் அம்மாற்றத்தைப் பதிவு செய்தது. எனினும் சமூக நாவலின் நேரடிச் சித்திரிப்பைக் காட்டிலும், பொழுதுபோக்குக் கதை எனத் தள்ளப்பட்ட வகைகளில்தான் அப்பதிவு கூர்மையாக அமைந்தது என்பது கவனத்திற்குரியது.

ஜார்க்கின்ஸ் என்னும் திரை

இவ்வுத்தியின் தெளிவான தொடக்கங்களுள் ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் 1849–50இல் தொடராக வெளியிட்ட 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் உள்ளது. டேவிட் 1,000 பவுண்டு பயிற்சிக் கட்டணம் செலுத்தி 'ஸ்பென்லோ – ஜார்க்கின்ஸ்' என்னும் வழக்குரைஞர் கூட்டு நிறுவனத்தில் சேர்கிறான். ஸ்பென்லோ அன்பாகப் பேசுபவர்; எவருக்கும் எதையும் மறுக்க விரும்பாதவர். ஆனால் எழுத்தர் ஊதிய உயர்வு கேட்டாலும், கட்சிக்காரர் கட்டணத்துக்குத் தவணை கேட்டாலும், பங்காளி ஜார்க்கின்ஸ் அதற்கு இணங்கமாட்டார் என்று வருந்துவார். ஜார்க்கின்ஸோ உள்ளறையை விட்டு வெளியே வராதவர், உண்மையில் சாதுவானவர். பிற்பாடு டேவிட் தன் ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ள வேண்டி அவரையே நேரில் பார்க்கிறான். அப்போது அவர் ஸ்பென்லோவின் மறுப்பைக் காரணம் காட்டி நழுவிவிடுகிறார்.

நகைச்சுவைக்காக எழுதப்பட்ட பகுதி இது. எனினும் உத்தியின் அடிப்படை இயக்கம் இதிலேயே முழுமையாக உள்ளது. மறைந்திருப்பவர் கொடியவராக இருக்கத் தேவையில்லை, மறைந்திருந்தால் போதும். கண்முன் இருப்பவரின் கைகள் கறைபடாமல் காரியம் நடந்துவிடுகிறது. டிக்கன்ஸுக்கு இன்னும் அந்த அறைக் கதவைத் திறந்து ஜார்க்கின்ஸைக் காட்ட முடிந்தது என்பதே அவருக்கும் பின்வந்தோர்க்கும் உள்ள வேறுபாடு. இரண்டே பேர் கொண்ட நிறுவனத்தில் அது இயலக்கூடியதுதான்.

சட்டம் படைத்த ஆள்

அந்நாவல் நிறைவுற்ற ஐந்தாண்டுகளில், 1855இல், வரையறுக்கப்பட்ட பொறுப்புச் சட்டம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1856, 1862 ஆண்டுகளின் சட்டங்கள் கூட்டுப் பங்கு நிறுமங்களை அமைப்பதை எளிதாக்கின. பங்குதாரர் தாம் இட்ட முதலுக்கு மேல் கடனுக்குப் பொறுப்பாகமாட்டார் என்பது இவற்றின் சாரம். 1896இல் பிரபுக்கள் அவை தீர்த்த சாலமன் வழக்கு இதன் உச்சம். ஏரன் சாலமன் என்னும் தோல் காலணி உற்பத்தியாளர் தம் தொழிலை நிறுமமாக மாற்றினார். அதன் 20,007 பங்குகளில் 20,001 அவரிடமே இருந்தன. எஞ்சிய ஆறும் அவர் குடும்பத்தினரிடம் தலைக்கு ஒன்றாக இருந்தன. ஆயினும் சாலமன் வேறு, சாலமன் நிறுமம் வேறு என்று அவை தீர்ப்பளித்தது. அன்றாடம் பட்டறையில் நின்று ஏவியவர் சட்டத்தின் பார்வையில் முதலாளி அல்லர். உடலற்ற வேறோர் 'ஆள்' முதலாளி.

புனைகதையாளர்கள் சட்ட அறிக்கைகளைப் படித்துக் கதை எழுதினர் என்று இங்குக் கூறப்படவில்லை. காணமுடியாத ஒருவரிடம் ஊதியம் பெறுவது இயல்பானதாகிவிட்ட ஒரு சமூகத்திலேயே பின்வரும் கதைகளை வாசகர் நம்பியிருக்க முடியும் என்பதே கருத்து.

கானன் டாயில்: ஊதியம் மெய், வேலை பொய்

ஆர்தர் கானன் டாயில் 1891 ஆகஸ்டில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் எழுதிய 'செந்தலையர் சங்கம்' உலகெங்கும் அறிந்த கதை. லண்டன் அடகுக் கடைக்காரர் ஜேபஸ் வில்சன் ஒரு நாளிதழ் விளம்பரத்தைக் கண்டு வேலைக்குச் சேர்கிறார். சிவந்த தலைமுடி உடையோருக்கு உதவுமாறு எசெக்கியா ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கக் கோடீசுவரர் இறக்கும்போது விட்டுச்சென்ற அறக்கட்டளை அது என்று சொல்லப்படுகிறது. வாரம் 4 பவுண்டு. காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை அறையை விட்டு நகராமல் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தைப் படியெடுக்க வேண்டும். எட்டு வாரங்களில் 32 பவுண்டு பெற்றபின் ஒரு நாள் காலையில் கதவில் சங்கம் கலைக்கப்பட்டதாக அட்டை தொங்குகிறது. அவரைக் கடையிலிருந்து அகற்றி, நிலவறையிலிருந்து அண்டையிலுள்ள வங்கிக்குச் சுரங்கம் தோண்டவே இவ்வளவும் என ஹோம்ஸ் கண்டறிகிறார்.

கதையின் விடையைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அவ்விடையில் புதைந்துள்ள முரணை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. வில்சனின் கண்காணா முதலாளி அமெரிக்கக் கோடீசுவரர் அல்லர். பாதிச் சம்பளத்துக்கு வர இசைந்து வில்சனின் கடையிலேயே வேலை பார்த்த உதவியாளர்தான். விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டியவரும் அவரே. பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைத்ததில் மகிழ்ந்து, அதற்குமேல் எதையும் கேளாதவர் வில்சன். தாம் வேலைக்கு வைத்தவரை அவர் சரியாகப் பார்க்கவில்லை. தம்மை வேலைக்கு வைத்தவரையும் அவரால் பார்க்க முடியவில்லை. இரண்டு குருட்டுத்தன்மையும் ஒன்றே என்பதைக் கதை சொல்லாமல் சொல்கிறது.

1893இல் வெளிவந்த 'பங்குத் தரகரின் எழுத்தர்' இதனை இன்னும் ஒரு படி முன்னெடுக்கிறது. வேலை இழந்து அலைந்த ஹால் பைக்ராஃப்ட்டுக்கு லண்டனின் புகழ்பெற்ற தரகு நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியத்தில் இடம் கிடைக்கிறது. விண்ணப்பம், பதில் இரண்டும் அஞ்சலில்தான். அவர் பணியேற்கும் முன்பே ஒருவர் வந்து, பிரெஞ்சு ஊர்களில் மட்டும் 134 கிளைகள் கொண்ட 'பிராங்கோ – மிட்லேண்ட்' இரும்புச் சாமான் நிறுமத்தில் 500 பவுண்டு ஊதியம் தருவதாகக் கூறி, 100 பவுண்டை முன்பணமாகவும் அளிக்கிறார். சம்மதத்தைக் கைப்பட எழுதி வாங்கிக்கொள்கிறார். பர்மிங்காமில் உள்ள 'தலைமை அலுவலகத்தில்' இரண்டு நாற்காலிகளும் ஒரு மேசையுமே உள்ளன. பாரிஸ் முகவரிப் புத்தகத்திலிருந்து வணிகர் பெயர்களைப் பொறுக்கி எழுதுவதே வேலை.

இல்லாத நிறுமம் ஒன்றினால் எழுத்தர் ஏமாற்றப்பட்டார் என்பது கதையின் மேற்பரப்பு. ஏமாற்று பலித்ததற்குக் காரணம் வேறு. உண்மையான லண்டன் நிறுவனமும் பைக்ராஃப்ட்டின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆகவே அவர் பெயரிலும் அவர் கையெழுத்துப் போலியிலும் வேறொருவன் அங்கே எழுத்தராக அமர்ந்து கொள்ளையிட முடிந்தது. முதலாளி கண்ணில் படாத உலகில் தொழிலாளியும் முதலாளியின் கண்ணில் படுவதில்லை. அவர் ஒரு கையெழுத்து மட்டுமே. டாயிலின் கதைகளில் சமூக விமரிசனத்தைத் தேடுவது மிகை என்று கருதுவோர் உண்டு. இக்கதையைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு பொருந்தாது.

ஆயினும் டாயிலின் உலகில் திரை இறுதியில் விலகுகிறது, பின்னால் ஒரு குற்றவாளி நிற்கிறான், கைவிலங்கு பூட்டப்படுகிறது. ஜி. கே. செஸ்டர்டனின் 'வியாழனாக இருந்த மனிதன்' (1908) நாவலில் இந்த ஆறுதல் ஆட்டம் காண்கிறது. கலகக்காரரை ஒடுக்க இருட்டறையில் முகம் தெரியாத ஒருவர் கேப்ரியல் சைமைக் காவல் பணிக்கு அமர்த்துகிறார். அவரும், சைம் எதிர்த்துப் போராடும் கலகக்காரர் தலைவரும் ஒருவரே என்று பின்னர்த் தெரிகிறது. இங்குத் திரை விலகினாலும் யாரைக் கைது செய்வது?

ஹென்றி ஜேம்ஸ்: தொந்தரவு செய்யாதே

பத்தாண்டு பின்னோக்கிச் சென்றால், இக்கேள்வியின் கொடிய வடிவம் 1898இல் வெளியான ஹென்றி ஜேம்ஸின் 'திருகின் ஒரு சுற்று' குறுநாவலில் கிடைக்கிறது. பேய்க்கதையாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. பேய்கள் மெய்யா, ஆசிரியையின் மனப்பிரமையா என்னும் நெடிய விவாதத்தில், கதையின் முதல் நிகழ்வான வேலை ஒப்பந்தம் பின்தள்ளப்பட்டுவிட்டது.

ஏழைக் கிராமப் பாதிரியாரின் இருபது வயது மகள் விளம்பரத்தைக் கண்டு லண்டன் ஹார்லி தெருவுக்கு வருகிறாள். இந்தியாவில் பெற்றோரை இழந்த இரு சிறார்க்கு அங்குள்ள பெரியப்பா பாதுகாவலர். அவர்களுக்கு எசெக்ஸிலுள்ள பிளை மாளிகையில் தங்கிப் பாடம் சொல்ல வேண்டும். நல்ல ஊதியம். நிபந்தனை ஒன்றே: எக்காரணத்தைக் கொண்டும் அவருக்கு எழுதவோ முறையிடவோ கூடாது; எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். இருமுறை மட்டும் கண்ட அவரை அவள் பின்னர்க் காண்பதேயில்லை. சிறுவனைப் பள்ளியிலிருந்து நீக்கும் கடிதம் வரும்போதுகூட, அவர் அதைப் பிரிக்காமலே அவளுக்கு அனுப்பிவிடுகிறார்.

ஜார்க்கின்ஸ் மறைந்திருந்தது ஸ்பென்லோவுக்கு வசதியாயிற்று. இங்கு முதலாளியின் மறைவு முதலாளிக்கே வசதி. அதற்குரிய விலையும் ஊதியத்தில் சேர்த்தே கொடுக்கப்பட்டுள்ளது. ஜேம்ஸின் நுட்பம் அதற்கு அப்பால் உள்ளது. குழந்தைகள் பெரியப்பாவுக்கு எழுதும் கடிதங்களை அவளே அனுப்பாமல் வைத்துக்கொள்கிறாள். முதலாளியை எட்ட முடியாதவராக்கும் வேலையை, அவரிடம் நற்பெயர் எடுக்கும் ஆவலில், பணியாளே செய்து முடிக்கிறாள். இறுதியாக அவள் எழுதும் ஒரே கடிதத்தையும் சிறுவன் எடுத்துவிடுகிறான். அவன் அவள் கைகளிலேயே இறக்கிறான். யார் பொறுப்பு என்பதற்குக் கதையில் விடை இல்லை. ஒப்பந்தப்படி பார்த்தால் அவள்தான்.

காஃப்கா: கடிதத்தின் மறுமுனை

டாயிலிடம் ஊதியம் மெய்யாகவும் வேலை பொய்யாகவும் இருந்தது. ஃபிரான்ஸ் காஃப்கா 1922இல் எழுதி முடிக்காது விட்டு, அவர் மறைவுக்குப்பின் மாக்ஸ் பிராட் 1926இல் வெளியிட்ட 'கோட்டை' நாவலில் வேலை கிடைத்ததா என்பதே தெரிவதில்லை. நில அளவையராக அழைக்கப்பட்டதாகக் கூறிக்கொண்டு 'கே' என்பவர் ஒரு கிராமத்துக்கு வருகிறார். கோட்டை அதிகாரி கிளாமிடமிருந்து வரும் கடிதம் அவர் பணியில் சேர்க்கப்பட்டதைப் போல ஒலிக்கிறது. கையொப்பமோ படிக்க முடியாதது. அளவையருக்குத் தேவையே இல்லை, இது கோப்பு வழிதவறியதால் வந்த குழப்பம் என்கிறார் ஊர்த்தலைவர். ஒரு அடி நிலமும் அளக்கப்படாத நிலையில், அளவைப் பணிகளைப் பாராட்டி இரண்டாம் கடிதம் வருகிறது. கடைசியில் 'கே'க்குக் கிடைப்பது பள்ளிக்கூடக் காவலாள் வேலை. கதவுத் துளை வழியே அவர் ஒருமுறை கிளாமைக் காண்கிறார். ஆனால் கிளாமின் தோற்றம் ஊருக்குள் வரும்போது ஒருவிதமாகவும் போகும்போது வேறுவிதமாகவும் இருக்கும் என ஊரார் பேசுவதைக் கேட்டபின் அக்காட்சிக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

காஃப்காவை மனுக்கொடுத்துக் காத்திருப்பவரின் குரலாக மட்டும் வாசிப்பது போதாது. அவர் 1907 அக்டோபரில் ட்ரியெஸ்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பீட்டு நிறுமத்தின் பிராக் கிளையில் சேர்ந்தார். 1908 முதல் 1922இல் ஓய்வுபெறும் வரை பொஹீமியத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றினார். ஆலைகளை ஆபத்தின் அளவுக்கேற்ப வகைப்படுத்துவதும், அதனை எதிர்க்கும் ஆலை முதலாளிகளின் முறையீடுகளுக்கு விடை எழுதுவதும் அவர் பொறுப்புகளுள் அடங்கும். மர இழைப்பு இயந்திரத்தின் சதுரத் தண்டு விரல்களைத் துண்டிப்பதையும், உருளைத் தண்டு அதைத் தவிர்ப்பதையும் விளக்கி அவர் எழுதிய அறிக்கை நமக்குக் கிடைத்துள்ளது. அதாவது, முகம் தெரியாத அலுவலகத்திலிருந்து கடிதம் பெற்றவர் மட்டுமல்லர் அவர். அத்தகைய கடிதத்தை எழுதியவரும் ஆவார். கோட்டையின் அலுவலர்கள் கொடுங்கோலராக இல்லாமல், தூக்கம் கெட்டுக் கோப்புகளில் மூழ்கியவர்களாக வருவது இதனால்தான் எனலாம். திரைக்குப் பின்னால் குற்றவாளி எவரும் இல்லை என்பதை உள்ளிருந்து அறிந்தவரின் சித்திரம் அது.

பின்டர்: கேள்வி கேட்டவர்

ஹரால்ட் பின்டரின் 'டம் வெய்ட்டர்' நாடகம் 1957இல் எழுதப்பட்டு, 1960இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ஆங்கிலத்தில் மேடையேறியது. தலைப்பு, உணவுவிடுதிகளில் தளத்துக்குத் தளம் தட்டுகளை ஏற்றியிறக்கும் சிறு தூக்கியின் பெயர். சொல்லுக்குச் சொல் கொண்டால் 'ஊமைப் பரிமாறுநர்'. பர்மிங்காமில் ஒரு நிலவறையில் பென், கஸ் என்னும் இரு கூலிக் கொலையாளிகள் ஆணைக்குக் காத்திருக்கின்றனர். முதலாளியின் பெயர் வில்சன் என்று பேச்சில் வருகிறது. ஊரும் பெயரும் டாயிலை நினைவூட்டுவது தற்செயலாகவே இருக்கலாம்; அதன்மேல் எதையும் கட்டியெழுப்ப வேண்டியதில்லை. கதவின் கீழே ஓர் உறை நுழைகிறது. உள்ளே பன்னிரண்டு தீக்குச்சிகள். தூக்கியில் உணவுக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. அடுப்பு மூட்டவும் வழியற்ற இருவரும் தம்மிடமுள்ள தின்பண்டங்களையெல்லாம் மேலே அனுப்புகின்றனர். யாருக்கு, எதற்கு என்று பென் கேட்பதில்லை.

கஸ் கேட்கிறார். மேலே இருப்பது யார், தாங்கள் போனபின் கொலை நடந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்பவர்கள் யார் என்றெல்லாம் நாடகம் முழுதும் அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இறுதியில் பேசுகுழாய் வழியே பென்னுக்கு ஆணை வருகிறது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே தள்ளாடி வந்து நிற்பவர், மேற்சட்டையும் துப்பாக்கியும் பறிக்கப்பட்ட கஸ். பென்னின் துப்பாக்கி அவரை நோக்கியிருக்க, இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கும்போது திரை விழுகிறது.