ஒபாமா பரப்புரைத் தளத்தில் பன்மாறிச் சோதனை

பன்மாறிச் சோதனை என்பது வலைப்பக்கத்தின் பல உறுப்புகளை ஒரே நேரத்தில் மாற்றி, எந்தச் சேர்க்கை சிறந்த பயன் தருகிறது என்று காணும் முறையாகும். வயலில் பிறந்த முறை இது: இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் 1920களில் வகுத்த காரணிச் சோதனையே இதன் மூலம்.

2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் தேர்தல் பரப்புரைக் குழு, டான் சிரோக்கர் தலைமையில், தன் பதிவுப் பக்கத்தை இவ்வாறு சோதித்தது. பொத்தான் வாசகங்கள் 4. படங்களும் காணொளிகளுமாக 6. ஆக 24 சேர்க்கைகள். வந்த 3,10,382 பேருக்கும் ஆளுக்கொரு சேர்க்கை குலுக்கல் முறையில் காட்டப்பட்டது. குழுவினர் பெரிதும் நம்பியது ஒரு காணொளியை. ஆனால் காணொளிகள் அனைத்தும் படங்களுக்குப் பின்தங்கின. ஒபாமாவின் குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பொத்தானும் முந்தின. மின்னஞ்சல் தந்து பதிந்தோர் பழைய பக்கத்தில் 8.26 விழுக்காடு, இதில் 11.6. சோதிக்காதிருந்தால் அந்தக் காணொளியே பக்கத்தில் ஏறியிருக்கும்.