நோவே பெயரான நோய்

நோய்களுக்கு மருத்துவர்கள் பெயரிடுவதே உலக வழக்கம். நோயுற்றோரின் அலறலையே பெயராகப் பெற்ற நோய் ஒன்று ஜப்பானில் உண்டு. ‘இத்தாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு ‘வலிக்கிறதே’ என்பது பொருள். தொயாமா மாநிலத்தின் ஜின்சு ஆற்றங்கரை ஊர்களில், 1910ஆம் ஆண்டுகள் முதற்கொண்டு, உழவர் வீட்டுப் பெண்கள் இச்சொல்லையே ஓயாது கூறி அழுதனர். 1955இல் செய்தித்தாள் ஒன்று அந்நோயை ‘இத்தாய் இத்தாய் நோய்’ என்றே எழுதிற்று. அப்பெயர் நிலைத்துவிட்டது.

பெரும்பாலும் பிள்ளைகள் பலரைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்களையே அந்நோய் பற்றியது. முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி, பிறகு வாத்து நடப்பதுபோன்ற தள்ளாட்டம், இறுதியில் படுக்கை. இருமினாலும் விலா எலும்பு முறிந்தது. ஒருவர் உடலில் 72 இடங்களில் எலும்பு முறிந்திருந்ததாகப் பதிவு உள்ளது. உடல் ஒரு சாணுக்கு மேல் குறுகிப் போனவர்களும் இருந்தனர். முன்வினைப் பயன் என்றார் சிலர். சத்துக் குறைவு என்றார் வேறு சிலர். வெளியே சொன்னால் ஊரின் அரிசி விலைபோகாது, ஊருக்குள் பெண் கொடுப்பாரும் இரார் என்னும் அச்சத்தால், நோயாளிகள் வீட்டின் உள்ளறைகளிலேயே மறைந்து கிடந்தனர்.

போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பிய ஹகினோ நொபோரு என்னும் மருத்துவர் இவர்களை ஊன்றிக் கவனித்தார். நோயாளிகளின் வீடுகளை நிலப்படத்தில் குறித்தபோது உண்மை தானே புலப்பட்டது. புள்ளிகள் யாவும் ஜின்சு ஆற்று நீர் பாய்ந்த நிலப்பரப்பிலேயே நின்றன. பக்கத்து ஆறுகளின் நீரைப் பாய்ச்சிய ஊர்களில் நோய் இல்லை. ஜின்சுவின் நீர்வரத்துப் பகுதியிலோ, மலைமீது, மிட்சுயி நிறுவனத்தின் கமியோக்கா சுரங்கம் இருந்தது. துத்தநாகமும் ஈயமும் அங்கே எடுக்கப்பட்டன. துத்தநாகக் கனிமத்தோடு கலந்தே கிடைக்கும் காட்மியம், பயனற்றதெனக் கழிவோடு ஆற்றில் விடப்பட்டது.

சுரங்கக் கழிவே காரணம் என்று 1957இல் ஹகினோ கூறியபோது, புகழுக்கு அலையும் நாட்டுப்புற வைத்தியர் என்று அவரை ஏளனம் செய்தனர். வேளாண் அறிஞர் யொஷியோக்காவும், ஒக்காயாமா பல்கலைக்கழகத்துக் கொபாயாஷியும் அவருக்குத் துணை நின்றனர். நீரிலும் நெல்லிலும் இறந்தோர் எலும்பிலும் காட்மியம் காணப்பட்டது. 1961இல் அந்நஞ்சின் பெயர் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

சுரங்க நீரால் பயிர் கெடுவதை அதற்குப் பன்னெடு நாள் முன்பே உழவர் கண்டு முறையிட்டிருந்தனர். வாடிய பயிருக்கு வழக்கு இருந்தது. அப்பயிரின் சோற்றை உண்டவருக்கு என்ன நேரும் என்று கேட்பார்தாம் இல்லை!

வயலில் நீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். நீர் வடிந்து மண்ணில் காற்றுப் புகுந்ததும் கரைந்து, வேர்வழியே மணியை அடையும். நெல்லோ செழிப்பாகவே தோன்றும்; சோற்றின் சுவையிலும் மாற்றமிராது. நாள்தோறும் மூன்று வேளை உண்ட சோற்றின் வழியே நஞ்சு சிறுநீரகத்தில் சேர்ந்தது. அங்கே பாதியளவு குறைவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். பழுதுற்ற சிறுநீரகம் எலும்புக்குரிய சத்துகளைச் சிறுநீரில் இழந்துவிட, எலும்பு மெழுகாயிற்று. மகப்பேற்றில் முன்பே சுண்ணச்சத்தை ஈந்துவிட்ட தாயரையே அது முதலில் வீழ்த்தியது.

1968 மார்ச்சில் மக்கள் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டு மே 8ஆம் நாள், சுற்றுப்புற மாசினால் விளைந்த நோய் என அரசு இதனை ஏற்றது. ஜப்பானிய அரசு அவ்வாறு ஏற்ற முதல் நோய் இதுவே. 1971இல் தொயாமா மன்றத்திலும் 1972இல் மேல்முறையீட்டிலும் மக்களே வென்றனர். ஒவ்வொரு உடலிலும் நஞ்சு இயங்கிய விதத்தை அணுஅணுவாக மெய்ப்பிக்க வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டது. ஊர்தோறும் நோய் பரவிய பாங்கே போதிய சான்று என்றது மன்றம். ஹகினோ புள்ளியிட்ட நிலப்படத்தின் வழியில் நின்ற தீர்ப்பு அது.

அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என 1970இல் வகுத்த வரம்பு, 2011இல்தான் 0.4 ஆகக் குறைக்கப்பட்டது. நச்சு மண்ணைக் கீழே புதைத்து மலை மண்ணை மேலே பரப்பி, 863 ஹெக்டேர் வயலை மீட்கும் பணி 2012இல் முடிந்தது. நோயாளிகள் என அரசு ஏற்றோர் ஏறத்தாழ 200 பேர். ஏற்கப்படுமுன்னே மாண்டவர்க்குக் கணக்கில்லை.

கமியோக்காவில் கனிமம் எடுப்பது 2001இல் நின்றது. அம்மலைக் குடைவில் நிறுவிய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தால் 2002இல் கொஷிபாவுக்கு நோபல் பரிசு கிட்டிற்று. உலகம் அப்பெயரை இன்று அறிவது அதனாலேயே. ஆற்றங்கரை மக்கள் அறிந்த கமியோக்கா வேறு. 1972இல் நிறுவனத்திடம் எழுதி வாங்கிய உரிமையின்படி, அவர்கள் ஆண்டுதோறும் மலையேறிச் சென்று, வடிகால் நீரைத் தாமே சோதித்து வருகின்றனர்.