புற்று என்று யார் பெயர் வைத்தது?

தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலுக்கு அவனே வைத்த பெயர் அவனிபாஜன பல்லவேச்சுரம். 1,400 ஆண்டாக அந்தப் பெயர் கல்லிலேயே இருக்கிறது, ஊர்வாயில் ஏறவில்லை. மக்களுக்கு அது தூணாண்டார் கோயில். செஞ்சியிலிருந்து என்னோடு வந்த நண்பர், ஊர்ப்பெயரில் உள்ள 'சீ'யைச் சீழ் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சீயம் என்றால் சிங்கம் என்று திருத்தினேன். சீழிலிருந்து கட்டிக்கும், கட்டியிலிருந்து புற்றுநோய்க்கும் பேச்சு தாவியது. கறையான் கட்டும் மண்மேட்டின் பெயர் இந்த நோய்க்கு எப்படி வந்தது என்று அவர் கேட்டார்.

மேலைநாட்டார் கண்ணில் பட்டது நண்டு. ஹிப்போகிரட்டீஸ் மரபினர் 'கார்கினோஸ்' என்றார்கள். அதுதான் லத்தீனில் 'கேன்சர்' ஆனது. கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டுக்கால்போல் இருப்பதாக விளக்கம் தந்தவர் கேலன். வடமொழி மருத்துவம் 'அர்புதம்' என்றது; ஒரு பேரெண்ணுக்கும் அதே பெயர். மலையாளிகள் இன்றும் அர்புதம் என்றே சொல்கிறார்கள். மண்மேட்டுக்கு அவர்களிடமும் புற்று உண்டு, தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் ஹுத்த. தமிழில்தான் அந்தச் சொல் நோயின் பொதுப்பெயராக நிலைத்தது. சித்த மருத்துவத்தில் கன்னப்புற்று, லிங்கப்புற்று என்று இடத்தைச் சேர்த்துச் சொல்லும் வழக்கும் இருக்கிறது. மேலே மேடு, உள்ளே வளை வளையாகப் புரை. ஆறாத புண்ணைப் பார்த்தவன் புற்று என்றதில் வியப்பில்லை. திருவாரூரில் புற்றிடங்கொண்டார் என்று இறைவனுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் நோய்க்கும் ஒரே சொல். அந்தக் கூச்சமோ என்னவோ, வந்தவாசிப் பக்கம் நோயின் பெயரையே எடுக்கமாட்டார்கள். "காரப்பேட்டைக்குப் போயிருக்காங்க" என்றால் போதும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் இருப்பது அரசுப் புற்றுநோய் மருத்துவமனை.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழி. நோயைப் பற்றியும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். 1911-இல் பேட்டன் ரௌஸ், கோழியின் கட்டியைச் செல்லே இல்லாமல் வடிகட்டிய சாறு இன்னொரு கோழிக்கும் கட்டி வரவைப்பதைக் காட்டினார். பின்னர் அதில் ஒரு வைரஸும், அந்த வைரஸில் 'சார்க்' என்ற மரபணுவும் பிடிபட்டன. நாகம் அகப்பட்டது! ஆனால் 1976-இல் பிஷப், வார்மஸ் குழுவினர் தேடிப் பார்த்தபோது, அதே மரபணு நோயில்லாத கோழியின் செல்லிலும் இருந்தது. வைரஸ்தான் அதை எப்போதோ கோழியிடமிருந்து எடுத்துப் போயிருக்கிறது. ஆக, நாகமே கறையான் வீட்டுப் பிள்ளை. 1989-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செல் எப்போது இரண்டாகலாம் என்று மடை திறக்கும் மரபணுக்கள் உண்டு, அடைப்பவையும் உண்டு. திறந்த மடை மூடாமல் போவது ஒரு கேடு. அடைப்பவற்றில் பேர்போனது பி53. மரபுப்பொருளில் சேதம் கண்டால் பிரிதலை நிறுத்தும். செப்பனிட முடியாதென்றால் அந்தச் செல்லைச் சாகவிடும். மனிதப் புற்றுகளில் ஏறக்குறையப் பாதியில் இது பழுதுபட்டிருக்கிறது. இதன் புரதத்தை 1979-இல் கண்டறிந்தபோது, ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்த எடை 53 கிலோடால்ட்டன் என்று தோன்றியதால் இந்தப் பெயர். உண்மையில் அந்தப் புரதம் சுமார் 43.7தான்; ஜெல்லில் மெதுவாக நகர்ந்து ஏமாற்றிவிட்டது. எடை திருந்தியது, பெயர் திருந்தவில்லை.

பிசிஎல்-2 வேறு கதை. நிணநீர்ப் புற்று ஒன்றில் அகப்பட்ட இந்த மரபணு செல்லைப் பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்று 1988-இல் டேவிட் வாக்ஸும் உடனிருந்தோரும் காட்டினார்கள். புதுமண் சேர்வதால் மட்டும் மேடு உயர்வதில்லை. சரியவேண்டிய பழமண் சரியாவிட்டாலும் உயரும். கறையான் புற்றில் ஒழுங்கும் காற்றோட்டமும் உண்டு, நோய்ப்புற்றில் இரண்டுமில்லை. உவமை அந்த மட்டில் நின்றுவிடுகிறது. இருந்தாலும் நண்டைவிட நம் சொல் நோய்க்குக் கிட்டத்தில் நிற்கிறது என்பேன். நண்டு வெளியே இருந்து வந்து கவ்வுகிறது. புற்றைக் கட்டுவது அங்கேயே வாழும் கூட்டம்.

பி53 வரவைக்கிற, பிசிஎல்-2 தடுக்கிற அந்தச் செல் சாவுக்குப் பெயர் வைத்தது 1972-இல், ஸ்காட்லாந்தின் அபர்தீனில். கெர், வில்லி, கரி என்ற மூவரும் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்கிடம் சொல் கேட்டார்கள். அவர் தந்தது 'அப்போப்டோசிஸ்': மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது. அதைத் தமிழில் 'செல் தற்கொலை' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். உதிரும் இலை தற்கொலையா செய்துகொள்கிறது? பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை என்று தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. உதிரும் பூவுக்கு 'வீ' என்றொரு சொல்லே வைத்திருக்கிறது. வீதல் என்றால் சாதல். பாடநூலில் 'வீ'யைப் போட்டால் மாணவர்கள் விழிப்பார்கள், தெரியும். 'செல் உதிர்வு' என்றாவது எழுதுங்கள், பாடநூல் எழுதுகிறவர்களே.